நெஞ்சில் கோத்த நீரும் எதிரொலி கேட்கும் கருவியும்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரே ஒரு மருத்துவமனையிலிருந்து வந்ததுதான். 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய அந்த இல்லம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்கி வருகிறது. அந்நாளில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதை அறிய, மருத்துவர் நெஞ்சில் விரலால் தட்டி ஒலி மந்தமாகும் இடத்தைக் கண்டறிவார். நாங்கள் இன்றும் தட்டிப் பார்க்கிறோம். ஆயினும் ஊசி செலுத்தும் முன் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை நாடுகிறோம். "எக்ஸ்ரேதான் எடுத்தாயிற்றே, ஸ்கேன் எதற்கு?" என்று உறவினர்கள் கேட்பது நியாயமே.

ஸ்கேனும் ஒருவகையில் தட்டிக் கேட்பதுதான். உடலில் வைக்கும் ப்ரோபினுள் உள்ள மெல்லிய தகடுகள் மின்துடிப்பு பெற்று, நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் முறை அதிர்ந்து ஒலியை அனுப்புகின்றன. மனிதச் செவியின் எல்லை 20,000 அதிர்வுகளே. அனுப்பியதும் அதே தகடுகள் மௌனமாகி எதிரொலிக்குக் காத்திருக்கும். உடல் திசுக்களில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்வதால், எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் கணக்கிடப்படுகிறது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் அறிந்த சோனாரின் கணக்கும் இதுவே. அங்கே கடல், இங்கே நெஞ்சு.

கடினம், கேட்பதில் இருக்கிறது. அனுப்பும் துடிப்பு பல பத்து வோல்ட் வலிமையுடையது. திரும்பும் எதிரொலியோ மில்லிவோல்ட்டிலும் அதற்குக் கீழும் இருக்கும். எனவே அனுப்பும் வேளையில் கேட்கும் மின்சுற்றைக் காக்க ஒரு தடுப்பு உண்டு. அதன்பின் பெருக்கி. 10 செ.மீ. ஆழம் சென்று மீளும் ஒலி, 50 லட்சம் அதிர்வில் தன் ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்காகக்கூடத் தேய்ந்துவிடும். ஆகவே தாமதமாக வரும் எதிரொலியைக் கருவி கூடுதலாகப் பெருக்குகிறது. பின்னர் வேண்டாத அதிர்வுகளை வடிகட்டி, எஞ்சியதன் வலிமையைத் திரையில் வெளிச்சமாக்குகிறது.

பெருக்கும்போது மின்சுற்றின் சொந்த இரைச்சலும் பெருகும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தெளிந்த நீர் எதிரொலி தராது; திரையில் கருமையாகத் தெரியும். சீழோ நார்த்திரைகளோ இருந்தால் சாம்பல் நிறப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். பெருக்கத்தை அளவுக்கு மீறி உயர்த்தினால் தெளிந்த நீரும் சீழ்போல் காட்சி தரும். மிகக் குறைத்தால் உள்ள நார்த்திரை மறைந்துவிடும். இது வெறும் படத்தெளிவுப் பிரச்சினை அன்று. தெளிந்த நீரை ஊசியால் எடுத்தால் பெரும்பாலும் போதும்; சீழுக்குக் குழாய் வைக்க வேண்டிவரும். எனவே நாங்கள் பெருக்கத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம், அருகிலுள்ள கல்லீரலோடு ஒப்பிடுகிறோம், மூச்சுக்கேற்ப அப்புள்ளிகள் அசைகின்றனவா என்று நோக்குகிறோம். ஸ்கேன் நீண்டால் நோய் முற்றிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். நீரின் தன்மையை உறுதியாகச் சொல்வது ஆய்வகப் பரிசோதனையே.

குளிர்ந்த ஜெல் பூசுவது பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் ப்ரோபுக்கும் தோலுக்கும் இடையே சிறிது காற்று இருந்தாலும் ஒலி ஏறத்தாழ முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். இந்த ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை; கர்ப்பிணிகளுக்கும் தயங்காமல் செய்கிறோம்.

ஊசிக்கான இடத்தைக் குறித்தபின் நோயாளி அதே நிலையில் அமர்ந்திருத்தல் மிக முக்கியம். சாய்ந்தாலோ படுத்தாலோ நீர் இடம் மாறும். குறியிட்ட இடத்தில் நுரையீரல் வந்து நிற்கக்கூடும். அசைய நேர்ந்தால் உடனே சொல்லுங்கள், மறுபடி பார்த்துக் குறிப்போம். இருமல் வருவதாயின் ஊசி செலுத்தும் முன்பே கையை உயர்த்துங்கள். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள், அம்மாத்திரை அட்டையை முதல்நாளே எங்களிடம் காட்டிவிடுவது நல்லது.