‘எமது’ என்னும் சொல்லின் மயக்கம்

கணினி நிரலாளர் பலர் ஒரே கோவைகளைத் திருத்துங்கால், யார் யாது மாற்றினார் என்பதைப் பதிந்து காக்கும் மென்பொருள் கிற் ஆகும். லினஸ் தோர்வால்ட்ஸ் என்பார் 2005ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். தனித்தனிக் கிளைகளில் நிகழ்ந்த வேலையை ஒன்றாக்கும் கட்டளை மேர்ஜ் எனப்படும். அதனோடு சேர்த்து எழுதும் ‘அவர்ஸ்’ என்னும் சொல்லே மாணவரை மயக்குவது. ‘எமது’ என்பது அதன் பொருள். முன்னிலையாரை விலக்கி நிற்றலின் ‘நமது’ என்றல் பொருந்தாது.

இச்சொல் சிற்றெழுத்து எஸ் என்னும் குறியின் பின் வருமாயின், மற்றைக் கிளையின் மாற்றங்கள் அனைத்தும், முரண்படாதனவுங்கூட, புறக்கணிக்கப்படும். பேரெழுத்து எக்ஸின் பின் வருமாயின், இருவர் திருத்தமும் முரணுமிடத்து மாத்திரம் எமது பாடம் கொள்ளப்படும்.

நண்பரொருவர் பத்துக் கோவைகளைத் திருத்தினாராக, அவற்றுள் ஒன்றே எம்முடையதோடு முரணுகின்றதென்க. எக்ஸ் இட்டால் ஏனைய ஒன்பதும் வந்து சேரும். எஸ் இட்டாலோ ஒன்றும் வாராது. அதனினுங் கொடிது, இணைப்பு நிறைவேறியதென்றே வரலாற்றிற் பதியப்படும்; ஆதலால் அக்கிளையை மீண்டும் இணைக்க முயன்றாலும் நண்பரின் அவ்வேலை வந்து சேராது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளற்க எனக் கையேடு எச்சரிக்கின்றதுதான். ஒரே பெயரை இரண்டிற்கும் இட்டபின் எச்சரித்து என் பயன்?

ரீபேஸ் என்னுங் கட்டளையிற் பொருள் தலைகீழாகும். அங்கே எம் வேலை பிறிதொரு கிளையின்மேல் ஒவ்வொன்றாக மீள வைக்கப்படுதலின், அடியிலுள்ள அக்கிளையே ‘எமது’ எனப்படும். யாம் எழுதியதோ ‘அவர்களது’ ஆகிவிடும்.