அசையாத தலை, தெளிவான படம்

சிலாங்கூர் மாநிலத்திலுள்ள செமினியில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இங்கிலாந்திலுள்ள அதன் தாய்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் இயற்பியல் அறிஞர் சர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு அச்சுத்தொழில் பழகிய அவர், பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு முறையை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவரானார். 1978இல், ஆபத்து நேரக்கூடும் என்ற எச்சரிக்கை வந்தும், தம் குழு உருவாக்கிய முழுவுடற் கருவிக்குள் தாமே படுத்துப் பரிசோதித்தார். 2003இல் பால் லாட்டர்பருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்று மூளையின் அமைப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படத்தை எடுக்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. அந்த நேரம் முழுவதும் தலை அசையக்கூடாது. பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தால், ஆடிவரும் காவடி மட்டுமே மங்கலாக விழும். பின்னாலிருக்கும் படிக்கட்டு தெளிவாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ. அப்படியன்று. அக்கருவி சேகரிக்கும் ஒவ்வொரு சமிக்ஞை வரியிலும் படம் முழுவதற்குமான தகவல் கலந்திருக்கிறது. எனவே, நொடிப்பொழுது தலை அசைந்தாலும் படமெங்கும் அலையலையான கோடுகளும் நிழல்களும் தோன்றலாம்.

இதனால் விளையும் கேடு, படம் அழகாக இல்லை என்பதோடு நிற்பதில்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நலமுள்ள தன்னார்வலர்கள் கருவிக்குள் வேண்டுமென்றே தலையை அசைத்தனர். அவர்களுடைய மூளையின் சாம்பல்நிறப் பகுதி, உண்மையில் இருப்பதைவிட மெலிந்திருப்பதாக அளவீடுகள் காட்டின. குழந்தைகளும் முதியோரும் நடுக்க நோயுள்ளவர்களும் இயல்பாகவே அதிகம் அசைபவர்கள். அவர்களின் மூளை மெலிந்துவிட்டதா, தலை அசைந்ததா என்று பிரித்தறிய முடியாவிட்டால் ஆய்வின் முடிவே தவறாகிவிடும்.

ஆகவே, படத்தின் தரத்தையே அளக்க வேண்டியுள்ளது. வல்லுநர்கள் கண்ணால் பார்த்து மதிப்பிடலாம். ஆனால், ஒருவர் நன்று என்பதை மற்றொருவர் மறுப்பதுண்டு. கணினி அளவுகள் பல உள்ளன. மூளையின் சமிக்ஞை இரைச்சலைவிட எத்தனை மடங்கு வலுவானது என்பது ஓர் அளவு. சாம்பல்நிறப் பகுதியும் வெண்ணிறப் பகுதியும் எவ்வளவு தெளிவாக வேறுபடுகின்றன என்பது மற்றோர் அளவு. இவற்றைவிட வியப்பூட்டும் அளவு ஒன்று, மூளையை விட்டுவிட்டுத் தலைக்கு வெளியே உள்ள காற்றைப் பார்க்கிறது. காற்றிலிருந்து சமிக்ஞை வராது. அங்கே இருள்தான் இருக்க வேண்டும். நிழலுருவம் ஏதேனும் தெரிந்தால், அது தலை அசைந்ததற்கான தடயமாக இருக்கலாம். வெற்றிடமே சாட்சி சொல்கிறது!

2017இல் அறிமுகமான எம்.ஆர்.ஐ.கியூ.சி. என்னும் மென்பொருள் இத்தகைய அளவுகளை ஒன்றுசேர்த்துக் கணிக்கிறது. 17 மையங்களில் எடுக்கப்பட்ட 1,102 படங்களைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டது. ஆயினும், முன்பு காணாத மையத்தின் படங்களை அது சரியாகத் தரம் பிரித்தது ஏறத்தாழ 76 விழுக்காடுதான். ஒவ்வொரு மையத்தின் கருவியும் படமெடுக்கும் முறையும் வேறுபடுவது இதற்கொரு காரணம். மனிதக் கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

மருத்துவமனைகளில் தலையின் இருபுறமும் பஞ்சணைகளை வைத்து அசைவைக் குறைக்கிறார்கள். அப்படியும் படம் கெட்டுவிட்டால், நோயாளி படுக்கையைவிட்டு எழுவதற்குள் அதைக் கண்டறிந்தால் உடனே மீண்டும் எடுத்துவிடலாம். அவர் வீடு திரும்பிய பிறகு தெரியவந்தால், இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும்.