லைஃப் சயின்ஸ் காப்புரிமைகளை இலவசமாகத் தேடுவது எப்படி?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் கண்டிப்பா வரும் கேள்வி: "இதை ஏற்கெனவே யாராவது பண்ணியிருக்காங்களா?" நாலு பேப்பர் பார்த்துட்டு "இல்ல சார்" என்போம். ஆனால் கம்பெனிகளின் பல கண்டுபிடிப்புகள் பேப்பராக வராமல், காப்புரிமை ஆவணமாக மட்டுமே வெளிவரும். பயோடெக், கெமிக்கல், பயோமெடிக்கல் நண்பர்கள் அதையும் தேடணும். அதுக்குக் காசு தேவையில்லை.

மஞ்சளையே எடுத்துக்குவோம். மஞ்சள் தூளால் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை (எண் 5401504) வாங்கியது. நம் சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி எதிர்த்தது. 1997-இல் அந்த உரிமை நிராகரிக்கப்பட்டது. முன்பே இருந்ததைத் தேடி எடுத்துக் காட்டியதுதான் அந்த வழக்கின் பலம்.

இதே மஞ்சளை நான்கு வழிகளில் தேடலாம்.

1. பெயர்: கூகுள் பேட்டண்ட்ஸில் 'டர்மரிக்' என்று மட்டும் போட்டா பாதி தப்பிடும். 'குர்குமா லாங்கா', 'குர்குமின்', 'டைஃபெருலாயில்மீத்தேன்' என எல்லாப் பெயரையும் போடுங்க.

2. குறியீடு: ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட்டில் வகைப்பாட்டுக் குறியீட்டை வைத்துத் தேடலாம். மஞ்சள் இனத் தாவர மருந்துகளுக்கு ஏ61கே 36/9066. ஆவணம் எந்த மொழியில் இருந்தாலும் குறியீடு ஒண்ணுதான்.

3. மூலக்கூறு அமைப்பு: ஷ்யூர்கெம்பிளில் குர்குமின் மூலக்கூறை வரைந்தே தேடலாம். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டண்ட்ஸ்கோப்பிலும் இலவசக் கணக்கு தொடங்கினால் இந்த வசதி உண்டு.

4. மரபணு வரிசை: ஜீன், புரதம் சார்ந்த ப்ராஜெக்ட் என்றால், என்சிபிஐ பிளாஸ்டில் டேட்டாபேஸ் பட்டியலில் 'பேட்டண்ட் சீக்வென்சஸ்' தேர்ந்தெடுங்க. தி லென்ஸ் தளத்திலும் காப்புரிமைகளில் வரும் வரிசைகளுக்குத் தனிப் பகுதி இருக்கு. அங்கே ஆய்வுக் கட்டுரைகளையும் சேர்த்தே பார்க்கலாம்.

ஆவணம் கிடைச்சதும் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படிச்சு முடிவு பண்ணாதீங்க. எதற்கு உரிமை கேட்டிருக்காங்க என்பது 'கிளெய்ம்ஸ்' பகுதியில்தான் இருக்கும். அடுத்து நாடு. அமெரிக்கக் காப்புரிமை அமெரிக்காவில் மட்டுமே செல்லும். இங்கே உரிமை இருக்கான்னு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் பாருங்க. ஆனால் "இது புதுசா?" என்ற கேள்விக்கு எந்த நாட்டு ஆவணமும் கணக்கில் வரும்.

இன்னொரு விஷயம்: விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். போன மாதம் யாராவது விண்ணப்பித்திருந்தால் இப்போ எந்தத் தளத்திலும் தெரியாது. அதனால் ரிப்போர்ட்டில் "யாரும் செய்யவில்லை" என்று எழுதாமல், எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொல்லையும் குறியீட்டையும் வைத்துத் தேடினீங்க என்று எழுதுங்க. கைடு அதைத் திரும்பச் சரிபார்க்க முடியும்.

இவ்வளவு தேடியும் உங்க ஐடியா புதுசாவே தெரிஞ்சா, சிம்போசியத்தில் போஸ்டர் ஒட்டுறதுக்கு முன்னாடி கைடிடமும் கல்லூரியின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவிடமும் பேசுங்க. விண்ணப்பிக்கும் முன் நாமே வெளியிட்டது, நம்ம விண்ணப்பத்துக்கே எதிரான ஆதாரமாகிடும்.