அவரைக் குருத்தில் அசுவினி: அடையாளமும் தடுப்பும்

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம், உடன்குடிப் பகுதிகளில் தேரியை ஒட்டிய செம்மண் நிலங்களில் கிணற்று நீரைக் கொண்டு அவரை, கத்தரி, மிளகாய், முருங்கை முதலியவை பயிரிடப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கும்போதுதான் அவரை பூத்துக் காய்க்கிறது. அசுவினி பெருகுவதும் அதே பருவத்தில்தான். வீட்டு உபயோகம் போக மிஞ்சும் காயைச் சந்தையில் விற்று நாலு காசு பார்க்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டு மாத விளைச்சல் முக்கியமானது. எனவே இப்பூச்சியை முன்கூட்டியே கண்டறிதல் அவசியம்.

அடையாளம்

அசுவினி 1 முதல் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லுடல் பூச்சி. செடிப்பேன் என்றும் இதைச் சொல்வர். பின்புறத்தில் இரண்டு சிறு குழல்கள் நீட்டிக் கொண்டிருப்பது இதன் தனி அடையாளம். அவரை, தட்டைப்பயறு, உளுந்து ஆகியவற்றைத் தாக்குவது பளபளக்கும் கறுப்பு நிறமுடையது. கத்தரி, வெண்டை, மிளகாய், செம்பருத்தி ஆகியவற்றில் மஞ்சள் கலந்த பச்சை முதல் கரும்பச்சை வரை நிறமுடைய வேறோர் இனம் காணப்படும். வேலியோர எருக்கிலும் வீட்டு அரளியிலும் அப்பிக் கிடக்கும் மஞ்சள் அசுவினி அவரைக்கு வராது. ஆனால், வேலிக்கு வைத்த கிளைரிசிடியாவில் காணும் கறுப்பு அசுவினி அவரைக்கும் பரவக்கூடியது.

பெருகும் விதம்

நம் நாட்டு வெப்பநிலையில் பெண் அசுவினி ஆண் துணையின்றியே குஞ்சுகளை ஈனும். அக்குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளர்ந்து தாமும் குஞ்சுகளை ஈனத் தொடங்கும். கூட்டம் நெருக்கமானதும் இறக்கை முளைத்தவை தோன்றி அடுத்த செடிக்குப் பறந்து செல்லும். ஆகவே இன்று ஒரு குருத்தில் கண்டதை அலட்சியம் செய்தால், இரண்டு வாரத்தில் பந்தல் முழுவதும் காண நேரிடும்.

சேதம்

குருத்து, பூங்கொத்து, பிஞ்சு ஆகியவற்றில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதால் இலைகள் சுருளும், பூ உதிரும், பிஞ்சு சூம்பும். இவை வெளியேற்றும் தேன் போன்ற கழிவு இலைமேல் படிந்து கரும்பூசணம் படரும். அத்தேனுக்காகவே எறும்புகள் அசுவினியைக் காவல் காக்கின்றன. செடியில் எறும்பு சாரையாக ஏறினால் குருத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மிளகாயில் தேமல் நோயைப் பரப்புவதும் அசுவினியே. ஆத்தூர், ஏரல் பகுதி வாழைத் தோட்டக்காரர்களும் கவனிக்க வேண்டும். வாழை அசுவினி பரப்பும் முடிக்கொத்து நோய்தான் கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையைப் பெருமளவு அழித்தது. நச்சுயிரி நோய் கண்ட செடிக்கு மருந்தில்லை. மிளகாயானால் வேருடனும், வாழையானால் கிழங்குடனும் அகற்றி அழிப்பதே வழி.

நண்பனைக் கொல்லாதீர்

அசுவினிக் கூட்டத்தினிடையே முதலை வடிவில் சாம்பல் நிறப் புழு ஊர்வதைக் கண்டு, அதுதான் செடியைத் தின்கிறது என்று பலர் நசுக்கி விடுகின்றனர். அது பொறிவண்டின் புழு. ஒரு புழு தன் வளர்ச்சிக் காலத்தில் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னும். ஊதிப் பெருத்து, பழுப்பு நிறத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகள், ஒட்டுண்ணிக் குளவியால் மாண்டவை. அவற்றையும் விட்டுவைக்க வேண்டும். இந்த நன்மை செய்யும் பூச்சிகள் மிகுந்திருந்தால் சில நாட்கள் பொறுத்துப் பார்க்கலாம்.

கட்டுப்பாடு

1. வாரம் இருமுறை குருத்துகளைச் சோதிக்க வேண்டும். ஓரங்குலக் குருத்தில் 20 அசுவினிக்கு மேல் இருந்தால் மருந்து தெளிக்கலாம்.

2. தொடக்கத்தில் தாக்கிய நுனிகளைக் கிள்ளிச் சோப்பு நீரில் போட்டு அழிக்கலாம். தொட்டிச் செடிகளில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலானவை உதிர்ந்துவிடும்.

3. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, காதி சோப்பு 5 கிராம் கரைத்துச் சேர்க்கவும். வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்கவும். ஒரு கிளையில் தெளித்து, மறுநாள் கருகலில்லை எனக் கண்டபின் மற்றவற்றுக்குத் தெளிப்பது நல்லது. ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளிக்க வேண்டும்.

4. யூரியாவை அதிகமாக இடக்கூடாது. தழைச்சத்து மிகுந்த இளங்குருத்தில் அசுவினி விரைந்து பெருகும்.

பருத்திக்கு வாங்கிய மருந்து மீதமிருக்கிறது என்று காய்கறிக்கு அடிப்பது தவறு. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்த மத்திய அரசு 2005-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. அவரை இரண்டு, மூன்று நாட்களுக்கொரு முறை பறிக்கப்படும் காய். இன்று அடித்த நஞ்சு நாளை மறுநாள் குழம்பில் சேரும். பொறிவண்டும் மடிவதால் அசுவினி முன்னிலும் அதிகமாகத் திரும்பி வரும். வேம்புக் கரைசலுக்குக் கட்டுப்படாவிடில், தாக்கப்பட்ட குருத்துடன் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியையோ அணுகி ஆலோசனை பெறலாம்.