தோலுக்குக் கீழே என்ன ஓடுகிறது

பெண்ணாடம் பக்கத்துக் கிராமங்களில் முதலுதவி சொல்லிக்கொடுக்கப் போனால் கட்டுத்துணியைக் கடைசியில்தான் எடுப்பேன். முதலில், வந்திருப்பவர்களைத் தங்கள் நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். இதயம் முழுக்க இடப்பக்கம் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அது இருப்பது இந்த எலும்புக்குப் பின்னால், சற்றே இடப்பக்கம் சாய்ந்து. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே அந்த எலும்பின் கீழ்ப்பாதியில் அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கயிற்றுக் கட்டிலில் வைத்து அழுத்தினால் கட்டில்தான் அமுங்கும், தரையில் இறக்குங்கள்.

இந்தப் பக்கம் யார் மயங்கி விழுந்தாலும் கூட்டத்திலிருந்து முதலில் நீள்வது சோடா பாட்டில். அன்பில் கொடுப்பதுதான். ஆனால் தொண்டைக்குள் உணவுக் குழாயும் மூச்சுக் குழாயும் ஒட்டியே இருக்கின்றன. நினைவிழந்தவருக்கு விழுங்கும் கட்டுப்பாடு இருக்காது. ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும். மல்லாந்து கிடந்தால் நாக்கும் பின்னால் சரிந்து வழியை அடைக்கும். மூச்சு இருந்து நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு நின்ற பிறகும் இதைத்தான் செய்ய வேண்டும். கையில் திணிக்கும் இரும்புச் சாவியால் எந்த வலிப்பும் நிற்பதில்லை.

கரும்பு வெட்டுக் காலத்தில் எனக்குப் பெரிய கவலை கட்டுவிரியன். வெட்ட வரும் குடும்பங்கள் வயலோரக் கொட்டகையில் தரையில்தான் படுக்கிறார்கள். அந்தப் பாம்பு நடமாடுவதோ இரவில். கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. பல் தடம்கூடக் கண்ணில் படாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவார்கள். ஓமத் தண்ணீர் கொடுத்து மறுபடி படுக்க வைத்துவிடுவார்கள். அங்கேதான் உயிர் போகிறது. தரையில் தூங்கி எழுந்தவர் காரணமில்லாமல் வயிற்றுவலி என்றால், "மேல பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். இமையைத் தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்கச் சிரமம், பேச்சு குழறுகிறது என்றால் பாம்பைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை இந்த விஷம் மறித்துவிடுகிறது. இமையில் தெரியும் தளர்ச்சி தொண்டைக்கு இறங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்துக்கும் வந்தால் மூச்சு நின்றுவிடும். அப்போதும் இதயம் துடித்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிக்கொண்டே போனால், விருத்தாசலம் அரசு மருத்துவமனை வரை உயிரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழி உண்டு.

எந்தப் பாம்பு கடித்தாலும் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப்போகக்கூடும். எலும்பு முறிந்த காலைப் போல மட்டை வைத்து அசையாமல் வையுங்கள், நடக்க விடாதீர்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை.

கத்தி வெட்டில் ரத்தம் பீறிட்டால் மஞ்சள்தூளும் காப்பித்தூளும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் இறுக்கி அழுத்துங்கள். நனைந்தால் மேலே இன்னொரு துணி. எடுத்து எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பிய்ந்துகொள்ளும்.

சாலையில் அடிபட்டவரைத் தொட்டால் கேஸ் வரும் என்ற பயம் இன்னும் போகவில்லை. உதவியவரை வழக்கு, இழப்பீடு என்று இழுக்கக் கூடாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 134ஏ பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும் சொல்கின்றன. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, அதற்கான உச்சவரம்பு வரை, தமிழக அரசே ஏற்கிறது. அடிபட்டவரை மட்டும் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். கழுத்தெலும்பு விலகியிருந்தால் அந்தக் குலுக்கலில் தண்டுவடம் அறுபடக்கூடும்.

108-க்குப் பேசும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாதீர்கள். கரும்புக் கொல்லைக்கு விலாசம் கிடையாது. பக்கத்து மோட்டார் கொட்டகை, கோயில், ரயில்வே கேட் எதுவோ அதைச் சொல்லுங்கள். ஓர் ஆளை டார்ச் லைட்டோடு தார்ச்சாலைக்கு அனுப்பி, வண்டி வரும்வரை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள்.