ஆகாயப் பயணத்தில் வக்தைக் கணக்கிடுவது எப்படி?

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காத விமானம் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது. 1995 வரை பம்பாயிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல் இதற்கு நாள்கணக்கில் எடுத்துக்கொண்டது. அதனால் வக்து தினமும் சிறிது சிறிதாகவே தள்ளிப் போயிற்று. விமானத்தில் அப்படியல்ல.

ரமலான் 2025-இல் மார்ச் மாதத்தில் வந்தது. அத்தகைய ஒரு நாளில் நோன்பு வைத்தவர் பகல் 2 மணிக்குச் சென்னையில் விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலை 6-20-க்குச் சென்னையில் மஃரிபு பாங்கு. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிடுகிறார். ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்கிறது! அந்த நோன்பு முறிந்துவிட்டது; களா செய்தாக வேண்டும். நோன்பு திறப்பது சூரியன் மறைந்த பிறகே. அதுவும் தாம் இருக்கும் இடத்தில் மறைய வேண்டும்.

பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் 41 பாகை வித்தியாசம். ஆகவே மேற்கே போகிறவரின் பகல் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் நீளும். மேற்சொன்னவர் ஜித்தாவில் இறங்கும்போது அங்கே மாலை 5-30. சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பதின்மூன்றேகால் மணி நோன்பு அவருக்குப் பதினாறு மணியாகிறது.

பயணிக்கு நோன்பில் சலுகை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில், சுப்ஹுக்கு முன்பே ஊர் எல்லையைக் கடந்தவருக்குத்தான் அன்றைய நோன்பை விடும் அனுமதி. நாகூரிலிருந்து முதல் நாள் இரவே ரயிலேறியவர் விடலாம்; பின்னர் களா செய்வார். சென்னைவாசி பகலில்தான் புறப்படுகிறார். பயணத்தைக் காரணம் காட்டி விட முடியாது. தாங்க முடியாத நோயோ தாகமோ ஏற்பட்டால் அது வேறு விஷயம்.

கஸ்ருக்கும் இதே எல்லைதான் கணக்கு. தேவையான தூரம் சற்றேறக்குறைய 80 கிலோமீட்டர். அதைச் சில நிமிடங்களில் பறந்து கடந்தாலும் சட்டம் தூரத்தையே பார்க்கிறது. மீனம்பாக்கம் நகருக்குள்ளேயே இருப்பதால் சென்னைவாசி அங்கே லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டும். அஸரை வானில், அதன் வக்தில், இரண்டாகத் தொழலாம். நாகூர்க்காரரோ விமான நிலையத்திலேயே இரண்டையும் சேர்த்து இரண்டிரண்டாகத் தொழுதுவிடலாம். ஹனஃபிகளுக்குக் கஸ்ரு உண்டு. ஆனால் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர ஜம்உ இல்லை. அவர்கள் அஸரை வானில்தான் தொழுவார்கள்.

நாம் அதிகம் அஞ்சுவது திரும்பும் பயணத்தைத்தான். ஜித்தாவில் நள்ளிரவு கடந்து ஏறினால் விமானம் சூரியனை எதிர்கொண்டு பறக்கிறது. தரையில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும் சுப்ஹு வக்து அங்கே 50 நிமிடம்கூடத் தேறாது. 35,000 அடி உயரத்தில் சூரியன் தரையில் உள்ளவர்களுக்கு முன்பாகவே கண்ணில் பட்டும் விடும். எல்லோரும் அயர்ந்து உறங்கும் நேரம் அது. ஏறும்போதே ஒளூவுடன் ஏறி, கீழ்வானம் வெளுக்கும்போது எழுப்பிவிடும்படி விழித்திருக்கும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.