கத்திரி வெயிலில் இன்குபேட்டர்

தம்பி,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. தெர்மோகோல் பெட்டி, உள்ளே இரண்டு 60 வாட் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃபேன், சிவப்பு எண்கள் ஒளிரும் சின்ன கன்ட்ரோலர். வேலை சுத்தமாக இருக்கிறது. சித்திரை பிறந்ததும் இருநூறு நாட்டுக்கோழி முட்டை வைக்கப் போவதாகவும், கை தேறியதும் முதலைப் பண்ணையில் வேலைக்குச் சேர ஆசை என்றும் எழுதியிருக்கிறாய். முதலையை அப்புறம் பார்ப்போம். சித்திரையில்தான் எனக்குச் சிக்கல்.

நீ கேட்டதெல்லாம் சூடேற்றுவது பற்றித்தான். எத்தனை வாட், எந்த பல்பு, எவ்வளவு நேரத்தில் 37.5 வரும்? நீ பார்த்த வீடியோக்காரர் பனி கொட்டும் ஊரில் பெட்டி வைத்திருக்கிறார், அவருக்கு அந்தக் கவலை நியாயம். முண்டியம்பாக்கத்தில் அக்னி நட்சத்திர மதியத்தில் உன் தகரக் கொட்டகைக்குள் பல்பே இல்லாமல் நாற்பது டிகிரி வந்துவிடும். அப்போது பல்பு அணைந்திருக்கும், கன்ட்ரோலர் ஒழுங்காகத்தான் வேலை செய்யும், ஆனாலும் முட்டை வேகும். அந்தக் கருவிக்கு பல்பைப் போடவும் அணைக்கவும்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது.

காற்று சுழலும் பெட்டியில் கோழி முட்டைக்கு வேண்டியது 37.5 முதல் 37.8 டிகிரி வரை. அரை டிகிரி, ஒரு டிகிரி குறைந்தால் 21 நாள் 22 ஆகும், அவ்வளவுதான். மேலே போவது அப்படியில்லை. நாற்பதைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் கரு பிழைப்பது கஷ்டம். அதோடு, பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கருவே சூடு விட ஆரம்பிக்கும். கடைசி வாரத்தில் இருநூறு முட்டை என்றால் இருநூறு சின்ன அடுப்பு. கொட்டகையை விட்டு, நாட்டு ஓடு போட்ட உள்ளறைக்குப் பெட்டியை மாற்று. 38ஐத் தாண்டினால் சூட்டை வெளியே தள்ள தனியாக ஒரு ஃபேன் வை. ஆனால் அறையின் காற்று பெட்டியைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் அந்த ஃபேனால் பிரயோஜனம்.

முட்டை சேர்த்து வைக்கும் இடத்திலும் இதே கதை. 27 டிகிரிக்கு மேலே போனால் அடை வைக்காமலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு செத்துவிடும். சேவல் சரியில்லை, எல்லாம் கூமுட்டை என்று நம்மாட்கள் திட்டுவதில் பாதி, சமையலறை அலமாரியில் பத்து நாள் கிடந்த முட்டைதான். ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் அடுக்கி, ஒரு வாரத்துக்குள் வைத்துவிடு.

இனி கன்ட்ரோலர். நீ வாங்கியிருப்பது டபிள்யூ 1209 என்ற 12 வோல்ட் போர்டு. ஊரெல்லாம் அதுதான். கடையிலிருந்து வரும்போது அதில் பி1 என்ற இடத்தில் 2 என்று இருக்கும். அப்படியே விட்டால் 37.5இல் அணைந்த பல்பு 35.5 வரை இறங்கித்தான் மறுபடி எரியும். அதை 0.2 ஆக்கு. எண் சரியா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். மனித உடம்புக்காகச் செய்தது என்பதால், நமக்கு வேண்டிய 37, 38 டிகிரியில்தான் அது துல்லியமாகக் காட்டும். ஒரு டம்ளரில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்து, சென்சார் முனையையும் தெர்மாமீட்டர் முனையையும் நூலால் ஒன்றாகக் கட்டி உள்ளே விட்டு, மெதுவாகக் கலக்கிக்கொண்டே இரு. பீப் வந்ததும் இரண்டு எண்ணையும் எழுது. வித்தியாசம் இருந்தால் பி4இல் சரிசெய். அப்புறம் அந்த சென்சாரை முட்டையின் உயரத்தில், பல்பின் நேர்வெளிச்சம் படாத இடத்தில் கட்டு. உன் போட்டோவில் அது மூடிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இதில் நான் நம்பாத ஒரே பாகம், பல்பைப் போட்டு அணைக்கும் ரிலே. டக் டக்கென்று நாள் முழுக்க அடித்து அடித்து, ஒரு நாள் உள்ளே இருக்கும் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். திரையில் 41, 42 என்று ஏறும், பல்பு அணையாது. அதனால் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை 38.5க்கு வைத்து, பல்புக்குப் போகும் அதே வயரில் முதலாவதுக்கு அடுத்ததாகக் கோர்த்துவிடு. இரண்டில் எது 'போதும்' என்றாலும் கரண்ட் நிற்க வேண்டும். பக்கவாட்டில் இணைத்தால் எது 'போடு' என்றாலும் எரியும், அது தலைகீழ் வேலை. தெர்மோஸ்டாட்டின் ஆதி மூதாதைகளில் ஒன்று கோழி முட்டைக்காகத்தான் வந்தது தெரியுமா? 17ஆம் நூற்றாண்டில் கார்னெலிஸ் ட்ரெபெல் என்ற டச்சுக்காரர் செய்த அடைகாக்கும் அடுப்பில், சூட்டில் விரியும் சாராயம் பாதரசத்தை மேலே தள்ளி, நெருப்பின் காற்றுவழியை மூடிவிடும். அவரும் நெருப்பை அடக்கத்தான் மூளையைச் செலவழித்தார்.

தெர்மோகோல் தீப்பிடித்தால் நிமிடத்தில் கூரை ஏறும். பல்புக்கு பீங்கான் ஹோல்டர், சுற்றிலும் கம்பி வலைக்கூடு, சுவரிலிருந்து ஒரு சாண் தூரம். போர்டின் அடியில் 230 வோல்ட் ஓடும் ஈயப்புள்ளிகள் வெறுமனே தெரிகின்றன, அதை மூடிய டப்பாவுக்குள் வை. தண்ணீர்த் தட்டு இருக்கும் பெட்டி என்பதால் எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாமல் பிளக்கைச் சொருகாதே. முட்டை போனால் அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம்.

கரண்ட் போவது பற்றி நீ பயப்படும் அளவுக்கு நான் பயப்படவில்லை. அடைக்கோழியே தினமும் எழுந்து போய் இரை தின்றுவிட்டுத்தான் வருகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் என்றால் மூடியைத் திறக்காமல் விட்டுவிடு. நீண்டால் வெந்நீர் பாட்டில் வை. கடைசி நாட்களில் மட்டும் ஃபேன் நின்றால் காற்றோட்டமும் நிற்கும், காற்றுத் துளைகளைத் திறந்து வை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, நம் பக்கத்துப் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லையே, அந்த மாதிரி நேரத்துக்குப் பாட்டில் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் வைப்பதானால் இன்வெர்ட்டர் இருக்கட்டும்.

முதலைக்கு வருவோம். வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையின் முட்டைகளை வைத்துத்தான் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேக்கர் மூவரும் சதுப்புநில முதலையின் கணக்கைச் சொன்னார்கள், 1989இல். 28 முதல் 31 டிகிரி வரை எல்லாம் பெண். 32.5இல் எல்லாம் ஆண். இடையிலும் அதற்கு மேலும் கலந்து வரும். கோழியில் அரை டிகிரி குறைந்தால் நாள்தான் தள்ளும். அங்கே ஒரு குழி முட்டையின் பாலே மாறிவிடும். மரக்காணம் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டைகளுக்கும் இப்படித்தான், மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் கூடும். கோழியில் பழகிய கை அங்கே இன்னொன்றையும் மறக்க வேண்டும். கோழி முட்டையை 18ஆம் நாள் வரை திருப்பிக்கொண்டே இருக்கிறாய். முதலை முட்டையில் கரு மேல் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், திருப்பினால் செத்துவிடும். எடுக்கும்போதே மேல்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, அதே நிலையில் வைப்பார்கள்.

பண்ணை வேலையில் பாம்பு அறைப் பக்கம் போக நேர்ந்தால், அங்கே ஹீட்டிங் பேடைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது. வயிற்றுத் தோல் தீய்ந்தாலும் சில பாம்புகள் நகராமல் அங்கேயே கிடக்கும். ஒரு ஓரம் சூடு, மறு ஓரம் குளிர்ச்சி, இரண்டிலும் ஒளிய இடம், இதுதான் கணக்கு. நம் ஊரில் அந்தக் குளிர்ச்சியான ஓரத்தைத் தயார் செய்வதற்குத்தான் பாடுபட வேண்டும். ஒன்று மட்டும், பழகிப் பார்க்கிறேன் என்று ஏரிக்கரையிலிருந்து பாம்பையோ ஆமையையோ வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதே. 1972 வனவிலங்குச் சட்டம் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது.

மாசி முடியப் போகிறது. இருநூறு வேண்டாம், முப்பது முட்டை போதும். பங்குனி முதல் வாரம் வைத்தால் சித்திரை பிறக்கும் முன்பே பொரித்துவிடும். பெட்டியின் சூட்டையும் அறையின் சூட்டையும் காலை, மதியம், ராத்திரி நோட்டில் எழுது. மதியத்தை விட்டுவிடாதே. பொரிக்காத முட்டைகளைக் குப்பையில் போடாமல் உடைத்துப் பார். ரத்த வளையம் மட்டும் இருந்தால் முதல் சில நாளிலேயே போயிருக்கிறது, முட்டை சேர்த்த இடத்தைச் சந்தேகப்படு. முழுக்குஞ்சு செத்திருந்தால் கடைசி வாரத்துச் சூடு, ஈரம், காற்று மூன்றையும் பார். எது எத்தனை என்று எழுதி, நோட்டின் போட்டோவோடு அனுப்பு.